பேசும் வராட்டா

காலாங்கா என்ற மலையூரில் ஒரு செடி பேசுகிறது என்ற செய்தி மலையிலிருந்து இறங்கி சிட்னிக்குப் போய்ச்சேர எவ்வளவு காலம் பிடித்திருக்கும்? உண்மைச் செய்தியாக இருந்திருந்தால் ஒரு வருஷம் ஆகியிருக்கும். பொய்ச் செய்தி என்பதால் அடுத்த ரயிலிலேயே போய்விட்டது.

பிறகென்ன, சனிக்கிழமை காலையில் மலையேறும் ரயிலில் உட்கார இடம் கிடையாது. ஏறுகிறவர்கள் மடியிலெல்லாம் ஒரே மாதிரி நீலத் தொட்டி. தொட்டியில் ஒரு செடி. செடிக்கு அடியில் கணவன். சிலருக்கு மனைவி. ஒரு குடும்பம் மாமியாரைக் கொண்டுவந்தது. அந்த அம்மாளை மட்டும் யாரும் மடியில் வைத்துக்கொள்ளவில்லை. மேலே சாமான் தட்டில் ஏற்றியிருந்தார்கள்.

எல்லோரும் போகிற இடம் ஆம்ப்ரோஸின் நினைவுச் சோலை. முன்பு அது மினி கோல்ஃப் மைதானம். பந்தைக் குழியில் தள்ள ஆள் வராமல் இழுத்து மூடினார்கள். ஆம்ப்ரோஸ் அதைக் குத்தகைக்கு எடுத்து, பந்துக்குப் பதிலாக மனிதர்களைத் தள்ள ஆரம்பித்தார். கூட்டம் அலைமோதியது.

செடியின் பெயர் வராட்டா. பெயரைக் கேட்டதும் அடுப்பில் வைக்கும் வறட்டி ஞாபகம் வந்தால், கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ஆளை விட உயரமாக வளரும் புதர். வசந்தம் வந்தால் ஒவ்வொரு கம்பின் நுனியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புத் தலை தூக்கும். மாநிலத்துக்கே சின்னம் அதுதான். காலாங்காவில் வாசலில் வராட்டா பூத்த வீட்டுக்காரர் கொஞ்சம் நிமிர்ந்தே நடப்பார். ஆனால் அது லேசில் வசப்படுகிற செடி இல்லை. காட்டில் பாறை இடுக்கில், மணலில், யாரும் திரும்பிப் பார்க்காமல் கொழிக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ராஜ உபசாரம் செய்தால் செத்துப்போகும்.

எளிதில் வளராத செடி, எளிதில் ஆறாத துக்கம். இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று ஒருவர் யோசித்தார். அவர்தான் ஆம்ப்ரோஸ்.

அவருடைய தத்துவம் ரொம்பச் சுருக்கம். வராட்டாவின் ஒரு பூத்தலைக்குள் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொரு பூவும் ஒரு வாய். இறந்தவரின் அஸ்தியை வேரில் கலந்தால், அவர் அந்த வாய்களால் பேசுவார். முதல் வாக்கியம் தாவரவியல். மற்றதெல்லாம் வயிற்றுப் பிழைப்பு. பூ இல்லாத மாதங்களில்? இலை பேசும். இலையும் கருகிவிட்டால்? வேர் பேசும். ஆம்ப்ரோஸின் வாய் மூடாதவரை ஏதாவது ஒன்று பேசிக்கொண்டுதான் இருக்கும்.

அந்தப் பேச்சு நம் காதில் விழாது. அவரிடம் ஒரு செப்புக் குழல் இருந்தது. அந்தக் காலத்தில் காது மந்தமானவர்கள் வைத்துக்கொள்வார்களே, ஒரு முனை அகலமாக, மறுமுனை மெலிந்து வளைந்து, அது. அகன்ற வாயைச் செடியில் வைப்பார், மெலிந்த முனையைக் காதில் வைப்பார், கண்ணை மூடுவார். கூட்டம் மூச்சை அடக்கும். காணிக்கைக்கு உண்டியல் கிடையாது, கார்டு தேய்க்கும் எந்திரம்தான். ஆவிகள் ரொக்கம் வாங்குவதில்லையாம்.

முதலில் இதெல்லாம் மண்ணின் பூர்வகுடிப் பெரியவர்கள் தன் காதில் ஓதிய ரகசியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். உயர்நிலைப் பள்ளியில் சரித்திரம் நடத்தும் வெர்னா, குந்துங்குரா பூர்வகுடி மக்களில் ஒருவர், ஒருநாள் நேரே வந்து எந்தப் பெரியவர், பெயர் என்ன, எந்தக் குடும்பம் என்று விசாரித்தார். எங்கள் ஆட்கள் இந்தப் பூவில் தேன் உறிஞ்சியிருக்கிறார்கள், கதை சொல்லியிருக்கிறார்கள், பிணத்தோடு பேச யாரும் இதைக் கூப்பிட்டதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை ரகசியம் திபெத்திலிருந்து வந்ததாக மாறியது. திபெத்தில் வராட்டா ஏது என்று ஒருவர் கூடக் கேட்கவில்லை. கேட்டால் கேட்டவருக்குத்தான் பக்குவம் போதாது.

இந்தக் கூட்டத்துக்கு நாற்காலி விரித்துப் போடுகிறவர் நோலீன். தபால் நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். போலி நோட்டை விரலால் தடவியே கண்டுபிடிப்பார். கிறுக்கல் கையெழுத்தில் வந்த முகவரியை ஊரே படிக்க முடியாதபோது அவர் படிப்பார். ஆனால் போன கோடையில் அவருடைய கணவர் க்ளைவ் ஒரு மத்தியானம் சாய்வு நாற்காலியில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. நாற்பது வருஷம் கூடவே இருந்த ஒரு குரல் நின்றுபோனால், மூளை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் காது தானாகவே தேட ஆரம்பித்துவிடும்.

க்ளைவ் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். வாசலில் ஒரு வராட்டா பூக்க வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. நட்டு நட்டுப் பார்த்தார். களிமண்ணில் நட்டார், கோழி எரு போட்டார், மாலையில் பக்கத்தில் நின்று கெஞ்சியும் பார்த்தார். ஒன்று கூடப் பூக்கவில்லை. அந்த ஆசையைத்தான் நோலீன் சோலைக்கு எடுத்துப் போனார். ஆம்ப்ரோஸின் மனைவி செலஸ்ட் தேநீர் ஊற்றி, ஸ்கோன் ரொட்டி வைத்து, தோளில் கை போட்டு உட்கார்ந்து கேட்டாள். அரை மணி நேரம் அழுதுகொண்டே நோலீன் எல்லாவற்றையும் சொன்னார். அதன்பிறகு ஆம்ப்ரோஸ் குழலை எடுத்தார்.

நான் நிம்மதியாக இருக்கிறேன் என்றார் க்ளைவ். அலமாரியில் இருக்கும் பச்சை ஸ்வெட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதே என்றும் சொன்னார்.

பச்சை ஸ்வெட்டர். அதைப் பற்றி இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? தேநீர் மேஜையில் தானே சொன்னது நோலீனின் நினைவுக்கு வரவில்லை. தேநீர் குடித்ததே நினைவில்லை. அதுதான் அந்தத் தேநீரின் ருசி.

சில மாதங்களில் செடியின் இலை நுனி கருகியது, பிறகு மஞ்சளானது, பிறகு விளக்குமாறு ஆனது. ஆம்ப்ரோஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். க்ளைவுக்கு மூச்சு முட்டுகிறது, யாரோ நெருங்கியவர் நஞ்சைச் சுமந்து வருகிறார் என்றார். புதிய செடி, புதிய தொட்டி, இன்னும் கொஞ்சம் அஸ்தி, மறுபடியும் எந்திரத்தில் கார்டு. அந்தச் செடியும் கருகியது. இந்தத் தடவை குழல் இன்னும் தெளிவாகப் பேசியது. உன் ரத்தம். பெண். கை ஜில்லென்று இருப்பவள்.

நோலீனுக்கு இருந்தது ஒரே தங்கை, கோரல். அந்த மலையில் ஜூலை மாதக் குளிர்காலத்தில் பிணத்துக்கும் உயிருள்ளவருக்கும் கை ஒரே குளிர்ச்சிதான். அதை எண்ணிப் பார்க்க நோலீனுக்கு மனமில்லை. கோரல் முதல் நாளே இது ஏமாற்று வேலை என்று சொன்னவள். அது போதாதா? ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு நின்றது. தொலைபேசியை எடுப்பது நின்றது. க்ளைவைப் புதைக்கக் கொண்டுபோனபோது கூடவே நின்று அழுதவளை, செத்தவரின் சார்பில் வாசலோடு நிறுத்தினார்கள்.

புதைக்க என்றா சொன்னேன்? தவறு. எரித்தார்கள். புதைத்தது பிற்பாடு, தொட்டியில். இந்த ஊரில் இப்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

ஆகஸ்ட் கடைசியில் விஷயம் முற்றியது. அஸ்திச் செப்பில் இன்னும் ஒரே ஒரு கைப்பிடிதான் மிச்சம். அதையும் மூன்றாவது செடிக்குக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் க்ளைவின் குரல் நிரந்தரமாக அடங்கிவிடும் என்று ஆம்ப்ரோஸ் சொல்லிவிட்டார். வருகிற சனிக்கிழமை நாள். இது கோரலின் காதுக்கு எட்டியது. அவள் சிட்னி ஆஸ்பத்திரியில் செவித்திறன் சோதிக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். காதுக்கு எட்டுகிற விஷயங்களில் அவளுக்கு ஒரு முறை உண்டு.

அன்று மாலையே வந்து கதவைத் தட்டினாள். நோலீன் மரக்கதவைத் திறந்தார், வலைக்கதவைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள்.

"உன்னை வரவேண்டாம்னு சொல்லியிருக்கு" என்றார் நோலீன்.

"யாரு சொன்னது? க்ளைவா?"

"உன் கை..."

"ஆகஸ்ட் மாசம் நோல். இந்த ஊர்ல யார் கை சூடா இருக்கு? உன் கை எப்படி இருக்குன்னு பாரு."

நோலீன் கையைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான் சண்டை போட வரல" என்றாள் கோரல். "எங்க வேலையில ஒண்ணு செய்வோம். ஆளை உக்காரவெச்சு காதுல ஹெட்ஃபோன் மாட்டுவோம். சத்தம் கேட்டா பொத்தானை அழுத்தணும். நடுவுல கொஞ்ச நேரம் ஒண்ணுமே போடாம சும்மா இருப்போம். அப்பவும் அழுத்துற ஆளுங்க இருக்காங்க. சிலர் பயத்துல அழுத்துவாங்க, சிலர் ஆசையில. இன்னும் சிலருக்கு அதுல ஆதாயம் இருக்கும். உங்க ஆம்ப்ரோஸ் எந்த ரகம்னு ஒரே தடவை பாத்துடுவோம். நிஜமாவே அவருக்குக் கேக்குதுன்னா, எல்லார் முன்னாடியும் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். இல்லேன்னா அந்தக் கடைசிப் பிடி க்ளைவை வீட்லயே வெச்சுக்கோ."

சந்தேகத்தால் அல்ல, நம்பிக்கையால்தான் நோலீன் சரி என்றார். ஆம்ப்ரோஸ் தோற்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தங்கை கூட்டத்தின் நடுவில் மன்னிப்புக் கேட்பாள், இவர் எழுந்து போய்க் கட்டிப்பிடித்துக்கொள்வார், நஞ்சு தீரும், செடி பூக்கும். மனதுக்குள் அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்துக்கொண்டார். நம்புகிறவர்களிடம் இதுதான் பரிதாபம். பந்தயம் கட்டக்கூடத் தயங்குவதில்லை.

மறுநாள் கோரலின் கொல்லையில் நோலீனின் கண்ணெதிரே காரியம் நடந்தது. போன ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சுட்டுத் தின்ற பார்பிக்யூ அடுப்பைக் கோரல் சுரண்டினாள். விறகுச் சாம்பல், சாசேஜ் இறைச்சியிலிருந்து சொட்டிக் கருகிய கொழுப்பு, இரண்டு ஆட்டு விலா எலும்பு எரிந்த வெள்ளைத் தூள். எல்லாவற்றையும் சலித்து ஒரு மரப்பெட்டியில் போட்டு, ஊதா ரிப்பனால் கட்டினாள். நோலீனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதுதான் ஒப்பந்தம். ஆம்ப்ரோஸ் கோரலை நேரில் பார்த்ததில்லை; கை ஜில்லென்று இருக்கும் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

சனிக்கிழமை. வராட்டாக்கள் மொட்டு விட்டிருந்தன, அதாவது அஸ்தி போடாத வராட்டாக்கள். பழைய கோல்ஃப் புல்தரையில் மடக்கு நாற்காலிகள். ஓரத்தில் பொம்மைக் காற்றாலை, அதன் நிழலில் தேநீர் மேஜை. தடுப்பூசி போடக் குழந்தைகளைத் தூக்கிவந்தவர்கள் மாதிரி ஜனங்கள் நீலத் தொட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு செடியிலும் செலஸ்ட் தொங்கவிட்ட பெயர் அட்டை.

கோரல் கறுப்பு உடையில் வந்து, சோலையிலேயே செடியும் தொட்டியும் வாங்கி, தேநீர் மேஜையில் உட்கார்ந்தாள். செலஸ்டின் கை தோளில் விழுந்தது.

"எவ்வளவு நாளாச்சு கண்ணு?"

கோரல் மூக்கைச் சிந்தினாள். கணவர் எர்ரல், நியூகாசிலிலிருந்து நிலக்கரிக் கப்பலில் போய்வந்தவர். இடது முழங்காலில் தீராத வலி. குளிக்கும்போது பாடுவார், சுருதி சேராது. கடைசி நாள் காலையில் அற்ப விஷயத்துக்குச் சண்டை, சாயங்காலம் ஆள் இல்லை. சொல்லிக்கொண்டே ஸ்கோனில் ஜாம் தடவினாள். செலஸ்ட் உச்சுக் கொட்டிவிட்டு, சர்க்கரை தீர்ந்துவிட்டதாக எழுந்து, ஆம்ப்ரோஸ் இருந்த கொட்டகைக்குள் போனாள். சர்க்கரைக் கிண்ணம் மேஜையில் நிறைந்தே இருந்தது. நாற்காலி ஒன்றை விரித்துக்கொண்டிருந்த நோலீன் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். இத்தனை மாதமாக அவர் கண்ணில் அது பட்டதே இல்லை.

புதிய அஸ்திதான் உரக்கப் பேசும் என்பதால் முதல் வாய்ப்பு புதியவர்களுக்கு. கோரலின் பெட்டியை ஆம்ப்ரோஸ் இரண்டு கையாலும் வாங்கினார், நெற்றியில் தொட்டுக்கொண்டார், மண்ணில் கலந்தார். சாசேஜுக்கு இவ்வளவு மரியாதை உலகத்தில் எங்கும் நடந்திராது. பிறகு குழலை வைத்தார். கண்ணை மூடினார்.

"கடல்" என்றார். "உப்புக் காற்று. கரி படிந்த கை."

கூட்டத்தில் ஒரு முனகல்.

"எர்ரல் வந்திருக்கிறார். கால் இப்போது வலிக்கவில்லையாம். பாடுகிறார்... சுருதி சேர்ந்துவிட்டதாம், உன்னிடம் சொல்லச் சொல்கிறார். அந்தக் காலைச் சண்டையை மறந்துவிடு என்கிறார். நான் நிம்மதியாக இருக்கிறேன் என்கிறார்."

பக்கத்து வரிசையில் இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். நோலீன் மட்டும் கடைசி வாக்கியத்தை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். நான் நிம்மதியாக இருக்கிறேன். அதே சொற்கள். நிம்மதியாக என்பதற்கு முன்னால் அதே சின்ன இடைவெளி, அதே பெருமூச்சு. அந்த வாக்கியத்தை அவர் இவ்வளவு நாளாகத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். இப்போது அதை ஒரு சாசேஜ் சொல்கிறது.

"அவர் அங்க தனியாவா இருக்கார்?" என்று கோரல் கேட்டாள்.

"இல்லை. அம்மா கூட இருக்கிறார். பெரிய கூட்டமே இருக்கிறது. பச்சைப் புல்வெளி."

இந்த ஒரு விஷயத்தில் ஆம்ப்ரோஸைக் குறை சொல்ல முடியாது. பெட்டியில் ஆட்டு எலும்பும் இருந்ததே.

கோரல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சத்தம் போடவில்லை. எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, எர்ரல் என்று ஒருவர் பிறக்கவே இல்லை, தொட்டியில் இருப்பது பார்பிக்யூ சாம்பல், எர்ரலைப் பற்றிய கதையைத் தேநீர் மேஜையில் இட்டுக்கட்டிச் சொன்னேன், அது கொட்டகைக்குள் போய் குழல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று, சோதனை முடிவைப் படித்துக் காட்டுகிற குரலில் சொன்னாள். நான் நோலீனின் தங்கை, சாட்சி அவள்தான் என்று முடித்தாள்.

எல்லாத் தலைகளும் நோலீன் பக்கம் திரும்பின. அவர்களுக்கெல்லாம் மாதக் கணக்கில் நாற்காலி போட்டவர், நம்புங்கள் என்று கையைப் பிடித்துச் சொன்னவர். ஆம்ப்ரோஸும் அவரைப் பார்த்தார், அன்போடு பார்த்தார். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி இருக்கும். க்ளைவும் பேசிக்கொண்டிருப்பார்.

"நிஜம்தான்" என்றார் நோலீன். "நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்கள் பக்தர்களைப் பார்த்ததில்லை. ஆம்ப்ரோஸ் சிரித்தார். பொய்யோடு வந்தவரிடம் அலைகிற ஆவிதான் வரும், காலியான இடத்தில் எந்த எர்ரலோ வந்து உட்கார்ந்துவிட்டார், பாவம் என்றார். முன் வரிசை தலையாட்டியது. ஒரு பெண்மணி, அந்த அலைகிற எர்ரலுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். இன்னொருவர் தன்னுடைய முறை தள்ளிப்போகுமா என்று கவலைப்பட்டார். ஒலியே இல்லாமல் பொத்தானை அழுத்துபவர்களைக் கோரல் பார்த்திருக்கிறாள். பிடிபட்ட பிறகும் அழுத்திக்கொண்டே இருப்பவரை இப்போதுதான் பார்க்கிறாள்.

நோலீன்தான் முன்னால் வந்தார். கையில் அவருடைய கருகிய செடி. அதிலிருந்த பெயர் அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தொட்டியைப் புல்லில் வைத்தார்.

"எல்லாரும் அட்டையைக் கழட்டி இங்க வைங்க" என்றார். "ஆம்ப்ரோஸ், நீங்க கொஞ்சம் அந்தக் காற்றாலைக்குப் பின்னாடி போய் நில்லுங்க. நாங்க தொட்டியை இடம் மாத்தி வைக்கறோம். இத்தனை மாசமா க்ளைவ் குரலைக் கேட்டிருக்கீங்க. நூறு பேர் நடுவுல பேசினாலும் எனக்கு அவர் குரல் தெரியும். உங்களுக்கும் தெரியுமில்ல? எங்க இருக்கார்னு காட்டுங்க. காட்டிட்டா அந்தக் கடைசிப் பிடியை உங்க காலடியிலேயே வெச்சுடறேன்."

இதைக் கேட்டது நம்பாதவள் அல்ல, நம்பியவர். அதனால்தான் கூட்டம் அசைந்தது. ஒரு முதியவர் மனைவியின் அட்டையைக் கழற்றினார். பிறகு இன்னொருவர். சாமான் தட்டு மாமியார்கூட வந்து சேர்ந்தார். ஒரே நீலத்தில் தொட்டிகள், ஒரே மாதிரி கருகிய குச்சிகள். அப்படி வரிசையாகப் பார்த்தபோதுதான் ஜனங்களுக்கு உறைத்தது: எல்லோருடைய செடியும் ஒரே மாதிரி செத்திருந்தது. ஆம்ப்ரோஸ் சொன்னபடி அத்தனை குடும்பத்திலும் ஜில்லென்ற கைக்காரி ஒருத்தி எப்படி இருப்பாள்?

ஆவிகள் மனம் புண்பட்டுவிட்டன, இன்று பேசாது என்றார் ஆம்ப்ரோஸ். குழலை மேஜையில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். கார்டு எந்திரத்தைச் செலஸ்ட் ஏற்கனவே பைக்குள் வைத்துவிட்டாள். அந்த அம்மாளுக்குத்தான் எதிர்காலம் சரியாகத் தெரிந்தது.

கோரல் குழலை எடுத்தாள். பழக்கம் விடுமா? வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் உள்ளே பார்த்தாள். இருட்டு. ஊதிப் பார்த்தாள். காற்று போகவில்லை. முன் வரிசைப் பெண்மணி பின்னிக்கொண்டிருந்த ஊசியைக் கேட்டு வாங்கி, மெலிந்த முனையில் விட்டுக் குத்தினாள். பொலபொலவென்று காய்ந்த மண் கொட்டியது. கூடவே உலர்ந்த சிலந்திகள். ஏதோ ஒரு கோடையில் குளவி உள்ளே மண்கூடு கட்டி, குஞ்சுகளுக்குத் தீனி அடைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்கப்புறம் அந்தக் குழல் வழியாக ஒரு கொசுவின் பாட்டுகூடப் போயிருக்க முடியாது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஆம்ப்ரோஸ் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். மனைவியை இழந்த முதியவர் குனிந்து அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என் பொண்டாட்டி மாட் இதுக்குள்ளேர்ந்துதான் என்னை மன்னிச்சாளா?" என்று மட்டும் கேட்டார். கூட்டம் மெல்ல எழுந்து ஆம்ப்ரோஸைச் சுற்றி நின்றது. குத்தகையை அவர் திங்கட்கிழமையே விட்டார். விட்டுப்போன அவசரத்தில் ஸ்கோன்கள் அடுப்பிலேயே கரிந்துபோயின.

செடிகள் ஏன் செத்தன? அதைத் தெரிந்துகொள்ள ஆவியுலகம் போகவேண்டியதில்லை. தெருமுனைக் கடையில் விற்கும் உர மூட்டையில் எழுதியிருக்கிறது: இந்த மண்ணின் செடிகளுக்கு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், ஆகாது. வராட்டா மணிச்சத்து இல்லாத மணலில் வாழப் பழகிய செடி. கொஞ்சம் கூடினாலும் இலை கருகும். எலும்புச் சாம்பல் முழுக்க அந்தச் சத்துதான், போதாததற்கு உப்பு வேறு. செத்தவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, செடிக்கு அஜீரணம். க்ளைவ் போட்ட கோழி எருவும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. அந்த மூட்டையை ஊரில் எல்லோரும் வாங்கியிருக்கிறார்கள். ஒருவரும் திருப்பிப் படிக்கவில்லை. குழல் வழியாக வந்த தபாலைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவும் தங்கையும் நோலீன் வீட்டு வாசலில் சரிவாக மணல் கொட்டி, உதிர்ந்த இலைச் சருகைப் போர்த்தி, எருவே போடாமல் ஒரு வராட்டா நட்டார்கள். க்ளைவின் கடைசிப் பிடி சமையலறையில் வானொலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் வசந்தத்தில் செடி சிவப்பாக ஒரே ஒரு தலை தூக்கியது. தேன்சிட்டு வந்தது, தேன் குடித்தது, போனது. பூ ஒன்றும் சொல்லவில்லை. நோலீன் அதன் எதிரில் நின்று கொஞ்சம் அழுதார். யாரும் மன்னிக்காமலே, யாரும் செய்தி அனுப்பாமலே அழ முடிகிறது என்று அன்று தெரிந்துகொண்டார். அது இன்னும் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

இங்கேயாவது ஊர் திருந்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

அந்த மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் வாசல் கேட் பக்கம் சலசலப்பு. அக்கா வீட்டுக்கு வந்திருந்த கோரல் எட்டிப் பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பேர், கையில் தொட்டி. முன்னால் நின்றவள் பின்னல் ஊசி கொடுத்த அதே பெண்மணி. ஆம்ப்ரோஸ் போலி, அது எங்களுக்கு அப்போதே தெரியும் என்றாள். போலியையே கண்டுபிடித்தவர் என்றால் உங்களுக்கு நிஜமான சக்தி இருக்கத்தானே வேண்டும்? உங்கள் வாசலில் மட்டும் வராட்டா பூத்திருக்கிறதே? நீங்கள் ஒரு தடவை காது வைத்துக் கேட்டுச் சொல்லக்கூடாதா? காணிக்கை எவ்வளவு என்றாலும் பரவாயில்லை.

கோரல் உள்ளே திரும்பிப் போய்விட்டாள். கேட்டைப் பூட்ட வந்தவர் நோலீன். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கம்பி வழியாக அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முன்பு அவரும் இதே முகத்தோடுதானே அந்த வரிசையில் நின்றார், ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரியும்.

"என் தங்கச்சிக்குக் காதைச் சோதிக்கத்தான் தெரியும்" என்றார். "உங்க காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரெண்டு காதுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு பாருங்க, அதை வேற யாரும் சோதிச்சுத் தர முடியாது. வீட்டுக்குப் போய் நீங்களே சோதிங்க."